சாருகாவுக்கு அளவெடுத்த துவக்கு

தமிழர் சங்கத் தேர்தலில் தோற்ற பிறகு இந்திரகுமாருக்குப் பேச மேடையில்லாமல் போயிற்று. அந்தக் குறையைத் தீர்த்தது புருசெத் புறநகருக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த, பழங்காலத் துவக்குகளால் சுடுகிறவர்களின் கழகம். ஒருவர் பேசி முடிக்கும்வரை நோர்வேக்காரர் குறுக்கே வாய் திறக்கமாட்டார்கள். அதை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பேச்சு ஒன்றே ஒன்றுதான்: இடக்கைக்காரருக்கு உலகம் செய்த அநியாயம். சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டிச் சுடும் துவக்கில் கல்லும் வெடிமருந்துக் கிண்ணமும் வலப்பக்கம் இருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு நெருப்பு அப்பால் போய்விடும். இடது தோளில் வைத்தால் கண்ணுக்கு முன்னாலேயே சீறும். இடக்கைக்காரரான இந்திரகுமார் அப்படிப் பதினொரு வருடம் சுட்டதில் புருவம் ஒன்று பாதியாகிவிட்டது.

“சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மனுசன் இஞ்சை வந்து துவக்குத் தூக்குது,” என்பாள் மனைவி சிவநாயகி. “அதுவும் தன்ரை மூஞ்சையைத்தான் சுடுது.”

கடைசியில் கழகத்தில் துவக்குச் செய்கிற கிறிஸ்ரியனைப் பிடித்து, கல்லும் கிண்ணமும் இடப்பக்கம் இருக்கிற மாதிரி ஒன்று செய்வித்தார். அதன் நெருப்பு பக்கத்து ஆளைச் சுடாமலிருக்க, வரிசையின் இடது கோடியில் அவரை நிறுத்தினார்கள். அது வெறும் பாதுகாப்பு விதி. அவரோ தலைவரின் கதிரை கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார்.

போன வருடம் இரண்டாவது துவக்கு ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அது பேர்கன் நகர ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிற மகள் சாருகாவுக்கு. அவள் விட்டுப்போன குளிர்ச்சட்டையின் கையை அளந்து நீளம் கொடுத்தார். “என் மகளும் இடக்கைதான்,” என்று கழகத்தில் எல்லோருக்கும் சொல்லியும் வைத்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

சாருகாவுக்கு நாலு வயதில் விஜயதசமியன்று ஏடு தொடக்கினார்கள். அப்போது இந்திரகுமார் சங்கச் செயலாளர். நமது பண்பாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு இறங்கிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை இடக்கையை நீட்டி அரிசியில் எழுதப் போனது. ஐயர் வலக்கைக்கு மாற்றினார். பிள்ளை திரும்ப இடக்கையை நீட்டியது.

“செயலாளற்றை பண்பாட்டைப் பாருங்கோவன்!” என்றது பின்வரிசை. மண்டபமே சிரித்தது.

தானும் இடக்கையால் கையெழுத்து வைக்கிற ஆள் என்பது அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த மாரி முழுக்க, சூடேற்றிய வீட்டுக்குள், அவளுடைய இடக்கையில் சிவப்புக் கம்பளிக் கையுறையை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டார். பிள்ளை கேட்டபோது சிரங்கு என்றார். பனி உருகிய நேரம் அவள் வலக்கைக்காரி ஆகிவிட்டாள். உறவினர் வந்து பாராட்டிப்போனார்கள்.

இப்போது துவக்கைக் கையில் கொடுத்துவிட்டால் மன்னிப்புக் கேட்டதாகிவிடும், வாய் திறக்கத் தேவையில்லை என்று கணக்குப் போட்டிருந்தார்.

“எனக்குக் கிடைச்சதே ஒரு ஹெல்க். அந்தச் சனி ஞாயிறிலையும் துவக்கோ, அப்பா?” என்று முனகியபடிதான் சாருகா கழகத்துக்கு வந்தாள்.

கிறிஸ்ரியன் மருந்தும் குண்டும் இட்டு, இடது கோடியில் நின்றவளிடம் துவக்கை நீட்டினான். குளிரில் எல்லோரும் விசை இழுக்கிற கையின் உறையை மட்டும் கழற்றுவார்கள். சாருகா வலக்கை உறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். இடக்கையில் உறை அப்படியே இருந்தது. துவக்கை வலது தோளில் வைத்தாள்.

“ஸ்தொப்!” கிறிஸ்ரியன் பாய்ந்து குழாயைத் தாழ்த்தினான். “நெருப்பு உன் கண்ணுக்குள் போகும். இந்திரகுமார், மகள் இடக்கை என்றாயே?”

“நான் வலக்கை,” என்றாள் அவள். பிறகு தமிழில், “என்னப்பா, பிழையாச் சொல்லி வைச்சிருக்கிறியள்?”

ஓடர் கொடுத்ததில் பிழை வந்துவிட்டது என்ற பொய் அவருடைய நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் கண் அந்த இடக்கை உறையை விட்டு நகரவில்லை.

“சின்னனிலை சிவப்புக் கையுறை போட்டனி, ஞாபகம் இருக்கோ?”

“ஓம். சிரங்குக்கு.”

“சிரங்கு இல்லைப் பிள்ளை. நீ இடக்கை. சபையிலை சிரிச்சுப்போட்டினம். நான்தான் கட்டினனான்.”

நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேசுகிறவருக்கு அவ்வளவுதான் வந்தது.

அவள் தன் இடக்கை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ரை எழுத்து கோழி கிண்டின மாதிரி எண்டு கொப்பியைக் கிழிச்சனீங்களே. அதுவும் நீங்கள்தானே?”

“ஓம்.”

இடக்கை உறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள். துவக்கை இடது தோளுக்கு மாற்றினாள். கிறிஸ்ரியன் தலையசைத்தான். அவளுடைய விரல் விசையைத் தேடித் தடவியது. பொறி பறந்தது, புகை எழுந்தது. இலக்குப் பலகையில் கீறல்கூட இல்லை. எங்கோ பக்கத்தில் பனி சிதறியது.

“விரல் சொல்லுக் கேக்குதில்லை,” என்றாள்.

“இன்னொருக்காப் பார், அம்மா. பழக்கினால் வரும்.”

“நீங்கள் பழக்கினது போதும், அப்பா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். துவக்கைப் பக்குவமாக மேசையில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

“எல்லாத்தையும் வலப்பக்கம் மாற்றித் தர ஏலாதா?” என்று கிறிஸ்ரியனிடம் கேட்டார் இந்திரகுமார்.

“கல்லும் கிண்ணமும் உட்கார மரத்தை இடப்பக்கம் குடைந்தாயிற்று. இனி மாற்ற முடியாது. வேறு யாருக்காவது கொடுத்துவிடேன்.”

“இல்லை. இருக்கட்டும்.”

கரி பிடித்த குழாய்க்குள் சுடுநீரை ஊற்றித் துடைக்கத் தொடங்கினார். ஒரே ஒரு வெடிதான், நாலைந்து துணியில் முடிந்துவிடும். அவர் ஒன்பதாவது துணியை எடுத்தார். தூரத்தில் காருக்குள், இரண்டு கையிலும் உறையை மாட்டிக்கொண்டு, மகள் கைபேசியில் பேர்கன் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.