இடப்பக்கம் இழுக்கும் வண்டி

என் அக்கா அத்தானோடு நேராகப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே வீடு, ஒரே அறை, ஒரே பற்பசை. பேச்சு மட்டும் சுற்றிப் போகும். நான் இருந்தால் என் வழியாக. நான் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் வழியாக.

"டேய், உங்க அத்தான்கிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுது."

அத்தான் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார்.

"மாப்ள, நாளைக்கு வந்துரும்னு சொல்லு."

நான் எதையும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும். குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுச் சோபாவில் வந்து விழுந்தவன் நான். வேலையை விட்டேனே தவிர, பகலில் தூங்கும் பழக்கம் என்னை விடவில்லை. தூங்கும்போதும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜெட் ஸ்கி, தண்ணீரில் ஓட்டுகிற மோட்டார் வண்டி. உட்கார்ந்து ஓட்டுகிற வகை இல்லை. அதில் சீட்டே கிடையாது. மண்டியிட்டுக் கிளப்பி, வேகம் பிடித்ததும் எழுந்து நின்று, முன்னாலிருந்து நீண்டு வரும் கைப்பிடித் தண்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒருவருக்குத்தான் இடம். அக்கா கல்யாணத்துக்கு முன்பே, சொந்தச் சம்பளத்தில், பழசாகவே வாங்கியது. விடுமுறை நாளில் அவள் ஏரியில் இறங்கினால் கரையில் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் பின்னால் எனக்கு அத்தான் ஆனார்.

ஒருநாள் அக்கா குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த சமயத்தில் அத்தான் ஜெட் ஸ்கியை விற்றுவிட்டார். ஆபத்தான பொருளாம். குளியலறையை யாரும் விற்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தாள், காலி ஷெட்டைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பி, "உங்க அத்தான்கிட்ட கேளு, வண்டி எங்கேன்னு" என்றாள். அதுதான் தொடக்கம்.

அத்தான் கெட்டவர் இல்லை. டைல்ஸ் பதிக்கிற காண்ட்ராக்டர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரசமட்டம் இருக்கும். ஹோட்டலுக்குப் போனால் அதை மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் அடுத்த மேஜைக்குப் போய்விடுவோம். சில நாள் பசியோடு வெளியே வந்திருக்கிறோம்.

ஒரு மத்தியானம் என்னை உலுக்கி எழுப்பினார்.

"மாப்ள, எந்திரி. ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"சொன்னா வரமாட்ட."

"அப்ப சொல்லாதீங்க."

கார் கழுவும் இடம் ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினார். அதன் முதலாளி ரப்பர் பூட்ஸோடு சதக் சதக்கென்று எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பழைய டயர்களுக்கும் கிழிந்த தார்ப்பாய்க்கும் நடுவே அக்காவின் ஜெட் ஸ்கி கிடந்தது. மஞ்சள் நிறம் மோர் நிறமாகியிருந்தது. முன்மூக்கில் கை நுழையும் அளவு விரிசல். மூடியைத் திறந்தால் இஞ்சின் மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பூனை எங்களைப் பார்த்த பார்வையில் வரவேற்பு இல்லை.

"என் பையன் ஆசையா இருக்குன்னு வாங்கினேன்" என்றார் முதலாளி. "ரெண்டு தடவை ஓட்டினான், ரெண்டு தடவையும் விழுந்தான். அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்னுட்டான்."

"அடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் இல்லைங்க. விழுந்தா இது அவனைத் துரத்துதாம். தண்ணிக்குள்ள கெடந்து அலர்றான். பேய் புடிச்ச வண்டிங்க இது."

அத்தான் தலையாட்டினார். "ஸ்டீயரிங்ல கோளாறு இருக்கும்."

"இருக்கும். அதனால கொஞ்சம் கூடச் சொல்றேன்னு நெனைக்காதீங்க."

ஏன் கோளாறு இருந்தால் விலை கூட வேண்டும் என்று அத்தான் கேட்கவில்லை. ஆசையை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவர் பேரம் பேச முடியாது. விற்றதைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினார். பூனைக்கு டயருக்குள் சாக்கு விரித்து இடம் மாற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

தூக்கப் போனோம். நகரவில்லை. முதலாளியும் ஒரு கை கொடுத்தார், அப்போதும் நகரவில்லை. மிதப்பதற்காக இதன் வயிற்றுக்குள் ஸ்பாஞ்சு மாதிரி ஒன்றை அடைத்திருப்பார்கள். விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, அது மொத்தத்தையும் குடித்து வைத்திருந்தது. மிதப்பதற்காக வைத்ததே மூழ்கடிக்கிற எடையில் இருந்தது. கடைசியில் கார் தூக்கும் ஜாக்கியை வைத்துத்தான் ட்ரெய்லரில் ஏற்றினோம்.

டைல்ஸ் கிடங்கில் கொண்டுபோய் வைத்தோம். அத்தான் முதலில் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வண்டியை இறக்கச் சொன்னார்.

அந்த ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க ரொட்டி அறுக்கும் கத்திதான் தோதாக இருந்தது. பல் வைத்த நீளக் கத்தி. வீட்டிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். கட்டி கட்டியாகப் பிய்த்து வாளியில் போட்டால், வாளியில் பாதி தண்ணீராக நின்றது. மறுநாள் காலை அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"டேய், உங்க அத்தான்கிட்ட கேளு, ரொட்டிக் கத்திய எங்கே காணோம்?"

அத்தான் பேப்பரை இன்னும் உயரமாகப் பிடித்தார். "தெரியலைன்னு சொல்லு, மாப்ள."

"கத்திய எடுத்துட்டுப் போற ஆளு ரொட்டிய விட்டுட்டுப் போயிருக்காருன்னு சொல்லு."

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊற வைத்தோம். தினமும் போய் இஞ்சினைச் சுழற்றும் ஃப்ளைவீலைத் திருகிப் பார்ப்போம். அது எங்களைப் பார்க்கும். ஒருநாள் அத்தான் சலித்துப்போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினார். கறக் என்று நகர்ந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லவில்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. ரப்பர் குழாய்களை எலி கடித்திருந்தது, அல்லது பூனை. எல்லாவற்றையும் மாற்றினேன். குளிர்பதனக் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டிகளைப் பழுதுபார்த்த கை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு வேலை அத்தானுடையது. விரிசலில் ஃபைபர் துணி ஒட்டி, பசை காய்ந்ததும் தேய்த்தார். தேய்க்கிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. உள்ளங்கையால் தடவுவார், கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி தேய்ப்பார்.

தேய்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"இது ஓடிச்சுன்னா அவ எங்கிட்ட பேசிருவா இல்ல?"

"தெரியல அத்தான்."

"பெருசா ஒண்ணும் வேணாம். 'சரி'ன்னு ஒரு வார்த்தை. ஆனா என்னப் பாத்துச் சொல்லணும்."

"திட்டினா?"

"திட்டினாலும் சரி. என்னத் திட்டணும். உங்கிட்ட சொல்லித் திட்டக் கூடாது."

நான் கார்புரேட்டரைத் துடைத்தேன்.

கடைசியாக ஸ்டீயரிங். இந்த வண்டி பின்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அந்த உந்தலில் போகும். பீய்ச்சும் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப வண்டி திரும்பும். கைப்பிடிக்கும் அந்த வாய்க்கும் நடுவே ஒரு கேபிள். அத்தான் கைப்பிடியை நேராக வைத்துக் கட்டிவிட்டு, மூக்கிலிருந்து வால் வரை நூல் பிடித்துப் பார்த்தார். டைல்ஸ் வரிசைக்குப் பிடிக்கிற அதே நூல்.

"பாத்தியா? வாய் இடது பக்கம் சாஞ்சிருக்கு. அந்தப் பையனத் துரத்தின கோளாறு இதுதான்."

குனிந்து பார்த்தேன். ஒரு இழை சாய்ந்திருந்தது. கேபிள் முனையில் நட்டின் மேல் சிவப்பாக ஏதோ ஒரு கோடு.

"இருந்துட்டுப் போகட்டும் அத்தான். இவ்ளோதானே."

"தெரிஞ்சே கோணலா விடச் சொல்றியா?"

ஒரு கொலைக்கு உடந்தையாக அழைத்ததுபோல என்னைப் பார்த்தார். தின்னரைத் துணியில் நனைத்து அந்தச் சிவப்புக் கறையைச் சுத்தமாகத் துடைத்தார். நட்டைத் தளர்த்தி, நூலுக்கு நேராக வாயைக் கொண்டுவந்து, இறுக்கினார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். வண்டி வாங்கியதிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்ததில்லை.

ஏரிக்கு அக்காவை அழைத்துவரும் வேலை என்னுடையது. "எதுக்கு?" என்றாள். "சொன்னா வரமாட்ட" என்றேன். குடும்பத்தில் இது ஒரு முறையாகவே ஆகிவிட்டிருந்தது.

படகு இறக்கும் சரிவில் ட்ரெய்லர் நின்றது. வண்டி மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு, கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்போல நின்றார். அக்கா காரிலிருந்து இறங்கவே சிறிது நேரமாயிற்று. சுற்றி வந்தாள். மூக்கில் விரிசல் இருந்த இடத்தைத் தடவினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். அத்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றாள் என்னிடம். "ஓடுமான்னு கேளு."

அத்தானின் முகம் இறங்கியது. "ஓடும்னு சொல்லு, மாப்ள" என்றார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இவ்வளவு தேய்த்ததற்கும் பலன் இதுதான்.

அக்கா மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மண்டியிட்டாள், கிளப்பினாள். இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் மண்டியிட்டே போனாள். பிறகு ஒரு காலை ஊன்றினாள். அறுத்துத் தைத்த காலை மெதுவாக அடுத்ததாக. எழுந்து நின்றாள். கரையில் வேறு யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வளையம் நன்றாகப் போட்டாள். மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. தொபீரென்று விழுந்தாள்.

விழுந்தவள் பதறவில்லை. தண்ணீரில் மிதந்தபடி ஒரு கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள், பஸ்ஸை நிறுத்துகிறவள்போல. விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கயிறெல்லாம் பிற்கால வண்டிகளுக்கு வந்தது. இது அதற்கு முந்தியது. ஆள் விழுந்ததும் வேகம் குறைந்து, மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும்.

வண்டி மெல்ல ஓடியது. நேராக ஓடியது. அக்காவை விட்டு, நூல் பிடித்த மாதிரி, ஏரியின் அந்தப் பக்கத்துக் கோரைப் புதரை நோக்கி. இப்படி அப்படி ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

அக்கா உயர்த்திய கையோடு அது போவதையே பார்த்தாள். கை மெதுவாக இறங்கியது. பிறகு கரைப்பக்கம் திரும்பி, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"யாரு அத நேராக்கினது?"

நான் பழக்கதோஷத்தில் அத்தான் பக்கம் திரும்பி, "அத்தான், யாரு நேராக்கினதுன்னு…" என்று ஆரம்பித்தேன். அங்கே அத்தான் இல்லை. செருப்போடு, ரசமட்டத்தோடு, தண்ணீருக்குள் மார்பளவு போயிருந்தார்.

"நான்தான்!"

"ஒங்கள யாரு நேராக்கச் சொன்னா?"

"கோணலா இருந்துச்சு!"

"கோணலாத்தான் இருக்கணும்! விழுந்தா அது வட்டம் போட்டு எங்கிட்ட வரணும்! அதுக்குத்தானே அத இடது பக்கம் சாச்சு, மார்க் பண்ணி வெச்சேன்!"

"மார்க்கா? நான் கறைன்னு நெனச்சேன்!"

"கறையா? அது என் நகப்பாலிஷ்!"

"தெரியாது! நீ சொல்லவே இல்ல!"

"நீங்க விக்கப் போறீங்கன்னு எங்கிட்ட சொன்னீங்களா? ஆஸ்பத்திரியில கால்கட்டோட கெடக்கேன், ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அத்தான் கழுத்தளவில் நின்றார். சட்டைப் பை பேனாவின் மை தண்ணீரில் நீலமாகப் பரவியது.

"கேக்கல" என்றார்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. பயமா இருந்துச்சு. அன்னைக்கு டாக்டர் காலப் பத்திச் சொன்னதுல ஒண்ணுமே புரியல. எதையாவது செய்யணும்னு இருந்துச்சு."

"டைல்ஸ மாத்தியிருக்கலாம்ல! பாத்ரூம்ல வழுக்குற டைல்ஸு! போட்டதே நீங்கதான்!"

எனக்கு இது இப்போதுதான் உறைத்தது. வீட்டில் டைல்ஸ் போட்டது அவர்தான். மட்டம் அப்படி ஒரு மட்டம். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நிற்கும்.

இரண்டு வருடப் பேச்சு பாக்கி இருந்தது. தண்ணீருக்குள் இருந்தபடியே முடித்தார்கள். நான் மிதிபடகு ஒன்றை எடுத்துக்கொண்டு கோரைக்குள் சிக்கிய வண்டியை இழுத்துவரப் போனேன். யாராவது போக வேண்டுமே.

கரையில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டோம். அக்கா அதன் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர்."

எடுத்து நீட்டினேன்.

"உங்கிட்ட கேக்கல."

அத்தானிடம் கொடுத்தேன். அத்தான் அவளிடம் கொடுத்தார். அவள் நட்டைத் தளர்த்தி வாயைச் சாய்த்தாள். அத்தான் அந்தச் சாய்வைப் பார்க்க முடியாமல் ஏரியைப் பார்த்தார்.

"இங்க பாருங்க. இவ்ளோ. தெரியுதா?"

"தெரியுது."

"கோடு போடுங்க. பாலிஷ் கொண்டுவரல."

டைல்ஸில் குறி போடும் சிவப்பு மார்க்கர் அவரிடம் எப்போதும் இருக்கும். மூடியைத் திறந்து, ஈரக் கையோடு, நட்டின் மேல் ஒரு கோடு போட்டார். அது நேராக வரவில்லை. அவர் அதை அழிக்கவும் இல்லை.

அன்றைக்கு அக்கா இன்னொரு தடவை விழுந்தாள், வேண்டுமென்றே. வண்டி நிதானமாக ஒரு வட்டம் போட்டு அவள் கைக்கு வந்து நின்றது. அத்தான் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தண்ணீரை உதறினார். கண்ணாடிக்குள் இரண்டு குமிழிகள் இருந்தன.

சாயங்காலம் நான் சோபாவில் படுத்துக் கண்ணை மூடியிருந்தேன். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. ஃபிரிட்ஜிடம் பேசும் குரல் இல்லை.

"ஏங்க, இவன் எப்பத்தான் வேலைக்குப் போகப் போறான்னு கேளுங்க."

அத்தான் என் தலைமாட்டில் வந்து தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, அக்கா கேக்குறா…"

"காதுல விழுந்துச்சு" என்றேன்.