முகவரி மாறிய அம்மா

1.

இந்தக் கதை கணினி நிரலின் ஒற்றை வரியிலிருந்து பிறந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இரண்டு பொருள்கள் எப்போது சமம்? நிரல் எழுதுபவன் இதற்கொரு விதி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கணினிக்கு எதுவும் தன்னைத் தவிர வேறெதற்கும் சமமில்லை.

நம் நாயகன் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டுக்காக எழுதிய விதி: பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். அலுவலகத்தில் தட்டிக்கொடுத்தார்கள்.

2.

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலை...

(வேண்டாம். மழைக்கு இங்கே என்ன வேலை?)

காய்ச்சலில் துவண்டுபோன அம்மாவை அதே மருத்துவமனைக்குக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். செவிலியர் கணினியில் தேடினார்.

"இவங்க இங்க வந்ததே இல்லையே சார். புதுசாப் பதிஞ்சிடறேன். ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?"

"எனக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றாள் அம்மா.

முன்பு இங்கேதான் ஏதோ ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறிப் பிழைத்தாள். மருந்தின் பெயர் அவனுக்கு ஞாபகமில்லை; பழைய பதிவில் இருக்கிறது. இப்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசி தட்டில் தயாராக இருந்தது.

போன மாதம்தான் அம்மா தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு அவனோடு வந்திருந்தாள். முகவரி மாறியது, மகன் எழுதிய விதிப்படி ஆளே மாறிவிட்டாள்!

"சிஸ்டர், ஊசி போடாதீங்க! பழைய வீட்டு முகவரியைப் போட்டுப் பாருங்க!"

பதிவு திறந்தது. சிவப்பு எழுத்தில் மருந்தின் பெயர். தட்டிலிருந்ததும் அதுதான். செவிலியர் ஊசியை எடுத்துக்கொண்டு போனார்.

3.

(முதல் வரைவில் இந்த அம்மா தையல்காரி. அடுத்ததில் பேருந்து நடத்துநர். இன்னொன்றில் பதிவு கிடைக்கவே இல்லை, அவன் ஓடிவருவதற்குள் அவள்... போதும். என்னால் அதை எழுத முடியவில்லை.)

4.

"நான் எழுதின புரோகிராம்தான்மா. வீடு மாறினா வேற ஆளுன்னு எழுதித் தொலைச்சிருக்கேன்."

"போடா மொட்டை! பொறந்தப்ப மொட்டை, காலேஜ்ல தோள் வரைக்கும் சுருட்டை, இப்ப மறுபடியும் வழுக்கை. நான் ஒருநாளாவது யாருடா நீன்னு கேட்டேனா? சுருட்டையா இருந்தப்பவும் மொட்டைன்னுதானே கூப்பிட்டேன்?"

அவன் சிரித்தான். கண் கலங்கியது.

5.

விதியிலிருந்து முகவரியை அடித்துவிட்டான். பெயர்கூட மாறுமே, பிறகு எதைத்தான் வைப்பது? எனக்கும் தெரியாது. கதையை நீங்களே கொண்டுபோங்கள். வீட்டை மாற்றுங்கள், காய்ச்சலைக் கால்முறிவாக்குங்கள், அம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள். ஆனால் அவள் அவனை "மொட்டை" என்று கூப்பிடாவிட்டால், இப்போதே சொல்லிவிட்டேன், அது வேறு யாரோ.