வெர்னரின் இடது கை

1

இந்தக் கதை எனக்குச் சலவை அறையில் கிடைத்தது. சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் நாங்கள் இருக்கும் மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒரேயொரு சலவை இயந்திரம்தான். வீட்டுக்கு வீடு முறைநாள் உண்டு. என் முறை முடிந்த கையோடு மேல்மாடி பெர்னடெற்றின் முறை வரும். ஒருநாள் அவள் ஈரப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"எங்கட மனிசன் ஒரு செத்த மனிசன்ர கையை அழிச்சுப்போட்டார், அக்கா."

இப்படி ஒரு வசனத்தைக் கேட்ட பிறகு எழுதுகிற எவளாவது சும்மா இருப்பாளா? நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய துக்கத்தைவிட அந்த வசனம்தான் என்னை முதலில் பிடித்தது. எழுதுகிறவர்களின் புத்தி அப்படித்தான்.

எழுதலாமா என்று பிறகு கேட்டேன். "தமிழில எண்டால் எழுதுங்கோ. டொச்சில மட்டும் வேண்டாம்" என்றாள். டொச் என்றால் இங்கத்தைய ஜெர்மன் மொழி. ஏன் வேண்டாம் என்பது போகப்போகத் தெரியும்.

2

தொடக்கங்கள்:

[லிமாட் ஆற்றின் மேல் பனி மூட்டம் இன்னும் விலகாத காலையில், மரியதாஸ் தன் சைக்கிளை]

வேண்டாம். பனியில் தொடங்காத சுவிஸ் கதை ஒன்றாவது எங்களிடம் இருக்கட்டும்.

[மனிதன் ஏன் பழையதைத் திரும்பச் செய்கிறான்? இது காலம் பற்றிய]

இதுவும் வேண்டாம். கட்டுரை எழுதத் தெரியாதவள் கட்டுரை எழுதப் புறப்பட்டால் இப்படித்தான்.

[ரூடிக்கு ஒரு அண்ணன் இருந்தான்.]

இதை வைத்துக்கொள்வோம்.

3

ரூடிக்கு ஒரு அண்ணன் இருந்தான். பெயர் வெர்னர். அறுபதுகளின் தொடக்கத்தில் சூரிச் ரயில் நிலையக் கடையில் ஒரு அமெரிக்கச் சஞ்சிகை வாங்கினான். அதில் நீளமான, எலும்பும் தோலுமான ஒரு காரின் படம் இருந்தது. வளைவு திருப்பம் எதுவும் இல்லாமல் நேர்கோட்டில் கால் மைல் மட்டும் ஓடுகிற கார். ஓட்டுபவர் எஞ்சினுக்குப் பின்னால், பின்சில்லுகளுக்கு நடுவே உட்கார வேண்டும். அந்த ஓட்டத்துக்கு டிராக் ரேஸ் என்று பெயர். வெர்னர் அப்படி ஒன்றைத் தகப்பனின் தொழுவத்தில் தானே கட்டினான். ஊர் முழுவதும் பூசைக்குப் போயிருக்கும் ஞாயிறு காலைகளில் வயல் வீதியில் ஓட்டினான்.

பிறகு செத்துப்போனான். காரில் அல்ல. கதைக்கு அது வசதியாக இருந்திருக்கும், ஆனால் குடல்வால் வெடித்து ஆசுபத்திரியில்தான் செத்தான். கோபத்தில் தகப்பன் காரைப் பழைய இரும்புக்கு விற்றார். வால் பக்கத்து அலுமினியக் கூடு மட்டும் தப்பியது, ஏனென்றால் தாய் அதை முயல் கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தாள்.

இருபத்தைந்து வருடம் கழித்து, சொந்தமாகக் கராஜ் வைத்திருந்த ரூடி அந்தக் காரைத் திரும்பக் கட்டத் தொடங்கினான். வெர்னரிடம் இல்லாத எந்தக் கருவியும் பாவிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டான். வாயு வெல்டிங், கைத்துளைப்பான், அரம், மண் நிரப்பிய தோல் பை, சுத்தியல். பக்கத்தில் நின்ற நவீன இயந்திரங்களுக்கெல்லாம் துணி போட்டு மூடிவிட்டான்.

அதற்குத் தோதான ஆளை அவன் தேடியபோது, அகதி முகாமிலிருந்து பெர்னடெற்றின் புருஷன் மரியதாஸ் வந்து சேர்ந்தார்.*

* தயாநிதி சூரிச் லாங்ஸ்ட்ராஸவில் தமிழில் ஒரு கல்லச்சுச் சஞ்சிகை நடத்துகிறான். இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அக்கா, ஊரில சண்டை நடக்குது. நீங்கள் வெள்ளைக்காரன்ர காரைப் பற்றி எழுதுறியள்" என்றான். சண்டையைப் பற்றி எழுத உன்னிடம் ஆளில்லையா என்று கேட்டேன். "இருக்கினம், எல்லாரும் அதைத்தான் எழுதுகினம்" என்று ஒப்புக்கொண்டான்.

4

மரியதாஸ் குருநகர்க்காரர். யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் ரிங்கரிங் வேலை செய்தவர். அடிபட்ட காரை அடிபடாத காராக்குவதுதான் அவருடைய தொழில். அவருக்கும் ரூடிக்கும் பொதுவாக இருந்தது ஐம்பது டொச் சொற்களும் ஒரு சவர்க்காரக் கட்டியும்.

அலுமினியத்தை அடித்து வளைக்குமுன் சூடாக்கி இளக்க வேண்டும். சூடு கூடினால் தகடு உருகி ஒழுகிவிடும். அதனால் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுச் சூடுகாட்டுவார்கள். அது கறுத்தால் போதும் என்று அர்த்தம். முதல்நாள் ரூடி இதை விளக்க வாயெடுக்குமுன் மரியதாஸ் கைகழுவும் இடத்திலிருந்த சவர்க்காரத்தை எடுத்துத் தகட்டில் தேய்த்தார். ரூடி வாய்விட்டுச் சிரித்தானாம். அன்றிலிருந்து அவர் "மாரியோ".

(இனி ரூடியும் அவன் மனைவி வ்ரேனியும் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார்கள். பெர்னடெற் எனக்கு அப்படித்தான் சொன்னாள். திருத்தினால் உயிர் போய்விடும்.)

இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க் கராஜ்களில் வேலை முடிந்ததும் முதலாளி வருவார், கண்ணை மூடுவார், உள்ளங்கையால் தகட்டைத் தடவுவார். கண்ணுக்குத் தப்பும் நெளிவு உள்ளங்கைக்குத் தப்பாது. கை எங்கே தயங்குகிறதோ அங்கே இன்னும் வேலை கிடக்கிறது. முதலாளி வாயால் சொல்லமாட்டார். சொல்லவைப்பது வேலைக்காரனுக்கு அவமானம்.

ரூடி ஒவ்வொரு காலையும் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே அந்த வால் கூட்டிடம் போவான். கண்ணை மூடுவான். தடவுவான். கை சில இடங்களில் நிற்கும். பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவான்.

மரியதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். வெர்னர் தொழில் படித்தவனல்ல, வெறும் ஆசைக்காரன். அவன் அடித்த கூடு முழுக்க நெளிவும் ஒடுக்குமாக இருந்தது. முதலாளி நாள்தோறும் தடவிக் காட்டியும் தான் விளங்காதவன்போல நிற்பதாக மரியதாஸ் நினைத்தார், வெட்கப்பட்டார். வேறு எதையும் நினைக்க அவருக்கு எங்கே இடமிருந்தது?

5

அந்தச் சித்திரையில் ரூடி வருடாந்த இராணுவப் பயிற்சிக்குப் போனான். இந்த நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் போவார்கள். போகும்போது சாவியைக் கொடுத்து, "எல்லாம் உன்ர கையில, மாரியோ" என்றான்.

[விதி சிரித்தது.]

வெட்டுகிறேன். விதிக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வால் கூடு அண்ணன்காரன் செய்தது என்று மரியதாஸுக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததனால்தான் செய்தார். குருநகரில் இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். அப்படி நினைத்துத்தான் தொட்டாராம். வெர்னர் காலத்துக் கருவிகளையே எடுத்தார். சவர்க்காரம் தேய்த்துச் சூடுகாட்டினார். ஒரு நெளிவு விடாமல் தட்டி எடுத்தார், அரம் பிடித்தார், மினுக்கினார். ரூடியின் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர் மீறவில்லை.

"அண்டைக்கு வீட்ட வரேக்க மனிசன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர், அக்கா" என்றாள் பெர்னடெற்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எங்களுக்குத் தெரியும். இங்கே அவர் பிடித்தது நல்ல பிள்ளையார்தான். ரூடி குரங்கை அல்லவா வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த வசனத்தை எழுதிவிட்டு நான் சிரித்தேன். சிரித்ததற்குப் பிறகு மனம் சரியில்லை. அன்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

6

ரூடி திரும்புகிற கிழமையில் வ்ரேனி கோப்பி கொண்டுவந்தாள். வால் கூட்டைப் பார்த்தாள். கோப்பித் தட்டை மேசையில் வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"எங்க அது?"

"எது?"

"வெர்னர் அடிச்ச அடியள். ரூடி காலமை காலமை தொடுறவர். அண்ணன்ர கை அதில இருக்கெண்டு சொல்லுவார்."

மரியதாஸுக்குச் சொற்கள் பாதிதான் விளங்கின. அவள் கண்ணை மூடி, காற்றில் தடவிக் காட்டினாள். அப்போது முழுவதும் விளங்கியது.

அவர் சொன்னாராம்: "நான் சொல்லுறன். வந்தவுடன சொல்லுறன். வேலை போனால் போகட்டும்."

"சொல்லாத" என்றாள் வ்ரேனி. "உன்னை அவர் மன்னிச்சிடுவார். அவருக்கு அண்ணன் ரெண்டாந்தரம் சாவான். வேலை தொடங்க முந்தி ரூடி எடுத்த கூட்டின்ர படம் சுவரில பெரிசா இருக்கு. அதைப் பாத்து எல்லாத்தையும் திருப்பி அடி."

இந்த இடத்தில் எனக்கு வ்ரேனி மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு திருத்தமாக ஒருத்தி பேசுவாளா? பெர்னடெற்றிடம் கேட்டேன். "கனக்கக் கதைக்கேல்லையாம் அக்கா. படத்தைக் காட்டிக் கும்பிட்டவவாம்" என்றாள். நான் எழுதிய பேச்சும் இருக்கட்டும், அந்தக் கும்பிடும் இருக்கட்டும்.

கராஜைவிட்டுப் போகும்போது அவள் திரும்பி வந்து, தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். வெர்னர் இடதுகைக்காரன்.

மரியதாஸ் சுத்தியலை இடது கைக்கு மாற்றினார். பழகாத கை. முதல் அடியை அடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. வாழ்நாள் முழுவதும் நெளிவு எடுத்த மனிதன், படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நெளிவாக உண்டாக்கினார். சுத்தமான பொய்வேலை. அதையும் கைசுத்தமாகச் செய்தார், வேறுமாதிரிச் செய்ய அவருக்குத் தெரியாது. கடைசியில் கை களைத்து, கண்ணீரில் படமும் மங்கி, சுத்தியல் ஒருதடவை நழுவி விளிம்பில் விழுந்தது. வெர்னரின் கூட்டில் இல்லாத ஒரு சின்ன ஒடுக்கு. அதை எடுக்கப் போனால் பக்கத்திலுள்ளவையும் கெடும். விட்டுவிட்டார்.

7

ரூடி வந்தான். மேலங்கியை மாட்டினான். கண்ணை மூடித் தடவினான். மரியதாஸ் வேலைமேசையின் இடுக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை விளிம்புக்கு வந்து நின்றது.

"மாரியோ, இஞ்ச வா. இதை நான் இவ்வளவு நாளும் காணேல்லை." அவருடைய விரலைப் பிடித்து அந்தச் சின்ன ஒடுக்கில் வைத்தான். "இதில அவனுக்குக் கை களைச்சுப்போச்சு. தெரியுதோ?"

"ஓம்" என்றார் மரியதாஸ். தமிழில்தான் சொன்னாராம்.

8

முடிவுகள்:

அ. மரியதாஸ் உண்மையைச் சொல்கிறார். ரூடி அழுகிறான், பிறகு கட்டிப்பிடிக்கிறான். இதை எழுதிப் பார்த்தேன். அரைப்பக்கத்தில் எனக்கே வெட்கமாகப் போனது.

ஆ. விமானத்தளத்தில் நடந்த முதல் ஓட்டத்தில் வால் கூடு கழன்று பறந்து நொறுங்குகிறது. இது தயாநிதி சொன்ன முடிவு. உண்மையில் கார் ஒரு பழுதும் இல்லாமல் ஓடியது. கூட்டம் கைதட்டியது. மரியதாஸ் மட்டும் பார்க்கப் போகவில்லை, வயிற்றுவலி என்று படுத்திருந்தார்.

இ. பெர்னடெற் விரும்புகிற முடிவு: ரூடி ஒரு கிழமை முந்தி வருகிறான், சுத்தியல் இன்னும் தகட்டைத் தொடவில்லை. "அப்பிடி எழுதேலாதோ, அக்கா? கதைதானே?" என்று கேட்டாள். எழுதலாம். இரண்டு வரி போதும். எழுதிச் சலவை அறைக்குக் கொண்டுபோய் வாசித்தும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். வாசித்து முடித்தபோது மேலே அவர்களுடைய வீட்டுக் கதவு திறந்து மூடியது. மரியதாஸ் வேலையால் வந்துவிட்டார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். என்னுடைய இரண்டு வரி படி ஏறிப் போகவில்லை. அதற்காக வருந்துகிறேன். இவ்வளவு வருடம் எழுதியும் என்னால் ஆனது அவ்வளவுதான்.

9

ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

கார் டீட்டிகோனில்தான் நிற்கிறது. சனிக்கிழமைகளில் கராஜ் கதவு திறந்திருக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். தமிழர்கள் போனால் ரூடிக்குக் கூடுதல் சந்தோசம், மாரியோவின் ஆட்கள் என்று கோப்பியும் கொடுப்பான். எஞ்சினைக் காட்டுவான், வெல்டிங்கைக் காட்டுவான். பிறகு உங்களைக் கண்ணை மூடச் சொல்வான். உங்கள் கையைப் பிடித்து வால் கூட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய், ஒரு விரலை அந்தச் சின்ன ஒடுக்கில் வைப்பான். "என்ர அண்ணன்ர கை. தெரியுதோ?" என்று கேட்பான். எல்லோரிடமும் கேட்கிறான்.

உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். என்ன சொல்வதென்று உங்களுக்கு நான் சொல்லித்தர மாட்டேன். மரியதாஸ் பக்கத்தில்தான் எங்காவது நின்று ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பார். பதில் எதுவானாலும் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.