ஷாகுல் ஹமீதின் கை

மலையேறலாம் என்று கிளப்பிவிட்டவன் மனோகரன். பின்னே என்ன செய்வான்? ராயபுரம் டீக்கடையில் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து டீ குடித்தால் நடுவில் இருக்கிறவனுக்கு எரிச்சல் வராதா?

கப்பலில் கிரேன் ஓட்டுகிறவன் அறிவு. அடிக்கிடங்கில் நடப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்து விளிம்பில் நின்று ஷாகுல் ஹமீது காட்டும் கையை நம்பித்தான் சரக்கை இறக்குவான். போன மாதம் யூரியா மூட்டைகள் கட்டோடு தடாலென்று இறங்கி, கிடங்கிலிருந்த வேதமாணிக்கத்தின் கால் முறிந்துவிட்டது. “நில்லுன்னு ஷாகுலு கை காட்டவே இல்ல” என்று அறிவு சொல்லிவிட்டான். ஷாகுலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காட்டியதாகத்தான் ஷாகுலுக்கு ஞாபகம். ஆனாலும் எல்லோரும் ஒன்றையே சொன்னால் மனுஷனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, பாவம். சோறு பிசையும்போதுகூட அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நாகலாபுரத்துக்கு மேலே இருக்கும் மலை அது. வெயில் மண்டையைப் பிளந்தது, முள் சட்டையைக் கிழித்தது. உச்சியை எட்டியபோது மூன்று பேருக்கும் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. காற்று வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். அப்போதும் அறிவும் ஷாகுலும் ஆளுக்கொரு திசையைத்தான் பார்த்தார்கள்.

வினை இறங்கும்போது வந்தது. உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்துப் பாறை. ஏறும்போது எப்படியோ தொற்றி ஏறிவிட்டார்கள். ஷாகுல் முதலில் இறங்கிக் கீழே நின்றான். அடுத்து வந்த அறிவு பாதியில் பல்லிபோல ஒட்டிக்கொண்டான். கால் வைக்க இடம் தெரியவில்லை. தினமும் அவ்வளவு உயரத்தில் கேபினில் உட்காருகிறவன்தான், ஆனால் அங்கே காலடியில் தரை இருக்குமே!

“திரும்பி என் கைய பாருடா!” என்று ஷாகுல் கத்தினான். அறிவு திரும்பவில்லை.

“இன்னாடா, இன்னும் என் கைமேல நம்பிக்க இல்லியா?”

“அது இல்ல மச்சான்!” அறிவு பாறையைப் பார்த்தபடியே கத்தினான். “அன்னிக்கி நீ நில்லுன்னு காட்டிகினுதான் இருந்த. நான் குனிஞ்சி பீடி பத்த வச்சிகினு இருந்தேன். வேல போய்டும்னு பயந்து உன் தலையில கட்டிட்டேன்டா.”

ஷாகுலின் கை தானாகக் கீழே தொங்கியது. அடப்பாவி! விழுந்து சாகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. மேலே மனோகரன், “டேய், ஷாகுலு! அவன் பிடி நழுவுதுடா!” என்று அலறினான்.

ஷாகுல் கையைத் தூக்கினான்.

“பாருடா நாயே! இந்தக் கைய பாரு!”

அறிவு கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். ஷாகுல் இடப்பக்கம் விரல் காட்டினான். இடது கால் போனது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அமுக்கினான். கால் இறங்கியது. விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தான். கால் நின்றது. ஒரு தடவைகூடப் பிசகாமல் அவனைத் தரைக்குக் கொண்டுவந்தான்.

வந்து சேர்ந்ததும் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். அறிவு தடுக்கவில்லை.

“வேதமாணிக்கம் வூட்டுக்குப் போறோம். இத அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற.”

“சொல்றேன்.”

ஷாகுல் அப்படியே பாறையடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

“ஒரு மாசமா அந்த மனுசன் காலை நான்தான்டா ஒடச்சேன்னு நெனச்சிகினு இருந்தேன்!”