விசிறி வீசிய பக்கம்

டிரைவர் சல்மீன் லாரியின் பானட்டைத் தூக்கி முடிப்பதற்குள் ஆவி முகத்தில் அறைந்தது. பின்னால் துள்ளினான். காலை எட்டு மணி. மலையேற்றத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் இது மூன்றாவது நிறுத்தம்.

லாரியின் முதுகில் வலை போர்த்திய நூற்றிருபது தேனீக் கூடுகள். இலந்தை பூத்திருக்கும் தோஆன் பள்ளத்தாக்குக்குப் போகின்றன. வாசல் அடைத்த கூடுகளுக்கு லாரி ஓடும் காற்றுதான் உயிர். நின்ற லாரியில், ஏறுகிற வெயிலில், ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. அப்புறம் மெழுகு உருகும். உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும்.

கூடுகளுக்குச் சொந்தக்காரர் கராமா, தண்ணீர்க் கேனை மார்போடு அணைத்தபடி நின்றார். கூடுகள்மேல் தெளிக்க அது ஒன்றுதான் மிச்சம்.

"அதை இப்படிக் குடுங்க, அபூ அவத்." மகன் பெயரை வைத்துத்தான் சல்மீன் அவரைக் கூப்பிடுவான்.

"உன் கிழட்டு ஒட்டகம் ஏற்கெனவே ரெண்டு கேன் குடிச்சாச்சு. இது என் பிள்ளைங்களுக்கு."

"ஒட்டகம் நகரலைன்னா உங்க பிள்ளைங்க இங்கயே அவிஞ்சு போகும்."

கராமா கேனை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சல்மீன் ரேடியேட்டரின் மேல் குழாயைத் துணி சுற்றிய கையால் தொட்டான். கீழ்க் குழாயையும் தொட்டான். இரண்டும் கொதித்தன. தண்ணீர் ஓடுகிறது, அடைப்பில்லை. சூடு மட்டும் இறங்கவில்லை. விசிறியைப் பார்த்தான். பழைய பெல்ட் விசிறி செத்தபோது ஊர் எலக்ட்ரீஷியன் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்ட மின்விசிறி.

"அதான் சுத்துதே," என்றார் கராமா.

"சுத்துது. காத்து எங்க போகுது?"

தோள் துண்டை எடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்தான். உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய துண்டு, படபடத்து அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் அதேதான்.

விசிறி காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. லாரி ஓடும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டி, ரேடியேட்டரை மூச்சுவிட விடாமல் அமுக்கியிருக்கிறது.

வலைக்குள் ரீங்காரம் ஏறி, கூரான சீறலாகியது.

சல்மீன் விசிறியின் இரண்டு வயர்களையும் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினான். துண்டு பச்சென்று ஒட்டிக்கொண்டது. சூடு காட்டும் முள் இறங்கப் பத்து நிமிஷம் பிடித்தது.

"இப்பக் குடுங்க."

கராமா கூடுகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கேனை நீட்டினார்.

லாரி நகர்ந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்று, இரண்டு, மூன்று. முள் ஏறவில்லை. காற்று வலையைத் தட்ட, சீறல் தணிந்து பழைய ரீங்காரம் திரும்பியது.

"ஊர் திரும்பினதும் அந்த எலக்ட்ரீஷியன் கையை ஒடிக்கிறேன்," என்றான் சல்மீன்.

கராமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவனை விடு. நேத்து கூடு ஏத்தும்போது நீ இன்ஜினை ஓடவிட்டுட்டுத் தொழப் போயிருந்தே. வீடு திரும்புற பூச்சிங்களை உன் விசிறி உள்ள இழுத்து நசுக்கிட்டு இருந்துச்சு. கிணத்து மோட்டாருக்குப் பண்ற மாதிரி வயரை நான்தான் மாத்திச் சொருகினேன்."