நாலு மணிக்குப் போன குமிழ்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மெக்கானிக் காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. அவன் அக்காவின் கணவர் கிட்டார் வாசிப்பவர். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாலு நாள் வெளியூர் போயிருந்தார். கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது, நேரம் கிடைத்தால் பார் மாப்ளை என்று கிளம்பும்போது சொல்லியிருந்தார். மெக்கானிக்குக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஒன்று கரகரத்தால் மற்றவையும் நாளைக்குக் கரகரக்கும் என்பது அவன் அனுபவம். நாலு பெடலையும் திறந்தான். எல்லாக் குமிழ்களையும் பிடுங்கினான். உள்ளே க்ளீனர் அடித்து, தண்டுகளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை திருப்பினான். குமிழ்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டான், ஃப்ரிட்ஜ் தட்டுகளை ஊறப்போடுவது போல.

டீயோடு வந்த அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். எது எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்தாயா என்று கேட்டாள்.

குறிக்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் குமிழ் எங்கே நின்றால் என்ன, வீட்டுக்காரர்கள் திருப்பிக்கொள்வார்கள்.

அக்கா டீயைத் தரையில் வைத்தாள். மறுநாள் காலை ரெக்கார்டிங். போன தடவை முடிந்ததும் குழுவின் பாடகி அவளைத் தனியாக போனில் கூப்பிட்டு, கிட்டார் காதைக் குத்துகிறது, எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவையும் அப்படியே இருந்தால் வேறு ஆள் போடப்போகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் வாசிக்கும் இடம். அக்கா இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

"ஆறு மணிக்கு வந்துருவாரு," என்றாள். "அதுக்குள்ள பழையபடி ஆக்கு."

"இதுல தலை எது வால் எதுன்னே எனக்குத் தெரியாதுக்கா."

"பிரிக்கும்போது தெரிஞ்சுதா?"

அக்காவின் போனில் ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிவு ஒன்று இருந்தது. இதே ஹாலில் அவர் வாசித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். கல்யாணமான புதிதில் அக்காவுக்கு ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். அதற்குமேல் இருவருக்கும் பொறுமை இல்லை. அந்த ஒரு வரியை அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். அவன் திருப்பிக்கொண்டே இருந்தான்.

முதலில் வயர் மாற்றிப் போட்டான். எதிரொலி தரும் டிலே முன்னால், ஒலியைக் கிழிக்கும் டிஸ்டார்ஷன் பின்னால். எதிரொலிகளும் சேர்ந்து கிழிந்து கூழாகிவிட்டன. வரிசையைத் திருப்பிப் போட்டதும் ஒவ்வொரு எதிரொலியும் தனித்தனியாக விழுந்தது. முன்னால் இருப்பது எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் பின்னால் இருப்பது வாங்கும். குழாய் வேலைதான், அவனுக்குப் புரிந்தது. கெயின் என்பதை வால்யூம் என்று நினைத்து ஏற்றினான். சத்தம் அவ்வளவாகக் கூடவில்லை, முரடாகியது. இறக்கச் சொன்னாள். ரிவெர்ப் குமிழைத் திருப்பத் திருப்ப அறை பெரிதாகிக்கொண்டே போனது.

"ரயில்வே ஸ்டேஷன் வேண்டாம்டா," என்றாள். "நம்ம ஹால் போதும்."

நடுவில் தண்ணீர் எடுத்தவள் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்த மறந்தாள். அது கீச்சுக் குரலில் பீப் அடித்தது. இது அடிப்பதில்லை என்றுதான் போன மாதம் மச்சான் அவனை வரவழைத்தார். வந்து பார்த்தால் அடித்தது. அடிக்கிறதே என்று அவன் சொன்னதும், உன்னைக் கண்டால்தான் அதுக்குப் பயம் மாப்ளை என்று சிரித்தார்.

கடைசியாக, கீச்சு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள். குத்தும் கூர்மை முழுவதும் அந்த ஒரு குமிழில் இருந்தது. நட்டநடுவில் நிறுத்தியதும் போனும் ஹாலும் ஒன்றாகிவிட்டன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். இதுதான் என்றாள்.

பெட்டியை மூட, சுவரோரம் சாத்தியிருந்த மூடியை எடுத்தான். உள்பக்கம் பேப்பர் டேப் ஒட்டியிருந்தது. அதில் மச்சானின் கையெழுத்து. குமிழ்மேல் இருக்கும் கோடு கடிகார முள் என்று வைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு மணி. காலையிலேயே மூடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

மற்றவை எல்லாம் ஒரே ஒரு தடவை எழுதியவை. ட்ரெபிள் மட்டும் பன்னிரண்டு, அடித்திருந்தது. ஒன்று, அடித்திருந்தது. இரண்டு, இரண்டரை, மூன்று, அடித்திருந்தது. நாலு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதமும் வருஷமும். நாலு என்பது போன மாதம். ஐந்தோடு குமிழ் முட்டிவிடும்.

நாலில் வைத்துப் பார்த்தான். அக்கா கம்பியைத் தொட்டதும் இருவருக்கும் பல் கூசியது.

தெர்மோஸ்டாட்டை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போகும் வீடுகளை அவனுக்குத் தெரியும். அங்கெல்லாம் கோளாறு குமிழில் இருக்காது. உள்ளே காஸ் கசிந்துகொண்டிருக்கும்.

"பன்னெண்டுலயே வை," என்றாள் அக்கா. "என்ன சொல்றாருன்னு பாப்போம்."

மச்சான் ஆறு மணிக்கு வந்தார். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, முதல் வேலையாக என் நரையைத்தான் பார்த்தாள் என்றார். பளபளவென்று இருந்த பெட்டியைப் பார்த்து, இதுக்கு என்ன மாப்ளை கல்யாணமா என்று கேட்டார். உட்கார்ந்து ஒரு வரி வாசித்தார். நிறுத்தினார். போர்வை போர்த்தின மாதிரி இருக்கிறது என்றார். அவர் கை தானாக ட்ரெபிளுக்குப் போனது. இரண்டு, மூன்று, நாலு. நாலையும் தாண்டிக் கொஞ்சம். வாசித்தார். அக்காவின் தோள் காதுவரை ஏறியது.

"இப்பதான் உயிர் வந்திருக்கு," என்றார்.

தாகத்தோடு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலை எடுத்து அங்கேயே நின்று குடித்தார். கதவு திறந்தே கிடந்தது. அரை நிமிஷத்தில் பீப் ஆரம்பித்தது. அவர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஃப்ரிட்ஜ் அடிக்குது."

"எங்க அடிக்குது? அதான் அன்னிக்கே சொன்னேனே, பஸ்ஸர் போச்சுன்னு."

"போகல மச்சான். இப்பவும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு."

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் மூடியை எடுத்துவந்து அவர் முன்னால் பிடித்தாள். பாடகி போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் பாட்டிலைக் கீழே வைக்க நேரம் பிடித்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

"நீங்கதான் மாசம் போட்டு எழுதி வச்சிருக்கீங்க."

அவர் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். ட்ரெபிள் குமிழைப் பிடித்தார்.

"சொல்லு," என்றார், அவளைப் பார்க்காமல்.

மெல்ல இறக்கினார். பன்னிரண்டில் அவள் போதும் என்றாள். வாசித்தார். தேடியது கிடைக்காத முகம். மறுபடி வாசித்தார். அக்கா தலையாட்டினாள். அவர் பென்சில் எடுத்து டேப்பில் நாலை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். நாளைக்கு என் கை இதுகிட்டப் போனால் தட்டி விடு என்று மெக்கானிக்கிடம் சொன்னார். ரெக்கார்டிங் முடிந்ததும் காது டாக்டரிடம் போகலாம் என்றாள் அக்கா.

ஃப்ரிட்ஜ் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் எழுந்தான். அவர் கையமர்த்திவிட்டுத் தானே போய்க் கதவைச் சாத்தினார். கைப்பிடியை விடாமல் திரும்பி, நின்றுவிட்டதா என்று அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.