பிள்ளைத்திட்டு

கம்பெனி கொடுத்த பச்சைக் கோட்டு சொர்ணத்துக்குப் பெரிதாக இருந்தது. கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, துடைப்பத்தையும் குப்பைக் கூடையையும் அணைத்தபடி மோட்டார் போட்டின் முன்பலகையில் உட்கார்ந்தாள். பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்தவன் அவள் புருஷன் சுதாகர். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த குப்பத்துக்கு நேர் எதிரில், உப்பங்கழிக்கு நடுவே கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் அந்தத் திட்டு கிடந்தது. ஆனாலும் இதுவரை அதில் அவள் கால் வைத்ததில்லை. குப்பத்துப் பெண்கள் யாருமே வைத்ததில்லை.

செய்யூர்ப் பக்கத்துக் கழி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது அது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக் காவல்காரர்கள் தங்குவதற்காக அங்கே ஒரு செங்கல் அறை கட்டினார்கள். வாந்திபேதி வந்த வருஷங்களில் நோய் கண்டவர்களைக் கொண்டுபோய் அந்த அறையில் விட்டார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அதற்குப் பிறகு வலை காயப்போடக்கூட அங்கே போக ஆட்கள் யோசித்தார்கள். ஒரு வயது நிரம்பாமல் இறந்துபோகும் பிள்ளைகளைப் புதைக்க மட்டும் தோணி போகும். சுடுகாட்டில் முன்பின் தெரியாத பெரியவர்களுக்கு நடுவே பச்சைப்பிள்ளையை விட்டுவர மனசில்லாமல் யாரோ தொடங்கியது, அப்படியே வழக்கமாகிவிட்டது. ஆண்கள் மட்டும் போவார்கள். பெற்றவள் கரையோடு நின்றுவிட வேண்டும். பிள்ளைத்திட்டு என்று பெயர் வந்தது அதனால்தான். இப்போது சுற்றுலாக் கம்பெனி ஒன்று அதை எடுத்து நடத்துகிறது; படகுத்துறைப் பலகையில் 'பேர்ல் ஐலண்ட்' என்று எழுதியிருக்கிறது. மணலில் கலர் கலராகக் குடைகள், அவற்றின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். காவல்காரர்களின் அறையில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. போட்டில் வருகிறவர்களுக்குத் தீவின் கதையைச் சொல்வதும் சுதாகரின் வேலைதான். உப்புக் கடத்தல்காரர்களைக் காவல்காரர்கள் துரத்தியதை அவன் சொல்வான். மற்றதெல்லாம் வேண்டாம் என்று மேனேஜர் ஸ்டான்லி முதலிலேயே சொல்லிவிட்டார். "ஜனங்க ஜாலிக்கு வராங்க, அண்ணாத்த. பேஜாரா எதுவும் சொல்லாத."

சொர்ணத்தின் பிள்ளையும் அங்கேதான் இருந்தான். ஒரே பிள்ளை. பிறந்த மூன்றாம் மாதம் காய்ச்சல் கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே அடங்கிவிட்டான். அவளுடைய மஞ்சள் புடவையில் பாதியைக் கிழித்துச் சுற்றி, சுதாகரும் அவன் அண்ணன் கருப்பனும் தோணியில் எடுத்துப் போனார்கள். கரையில் நின்றவளுக்கு மார்பில் பால் கட்டி ஜாக்கெட்டெல்லாம் நனைந்திருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. தினமும் வாசல் தெளித்ததும் திட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். அது முடிந்துதான் மற்ற வேலை. கம்பெனியில் பெருக்குவதற்குப் பெண்கள் வேண்டும் என்று கேட்டபோது, மீன் கூடையை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். சுதாகர் வேண்டாம் என்றான். வெயில் என்றான், உப்புக்காற்று என்றான். பெண்டாட்டி கண்டவர்கள் போட்ட குப்பையைப் பொறுக்குவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போட் மணலில் தட்டி நின்றதும் செருப்பைக் கழற்றி போட்டிலேயே விட்டாள். முதல் சவாரிக்காரர்கள் வர இன்னும் நேரமிருந்தது.

"எந்த எடம்யா?"

சுதாகர் இன்ஜினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எது?"

"இன்னா தெரியாத மாதிரி கேக்குற. புள்ளய வெச்ச எடம்."

"மணலு மாறிகினே கீது. இப்ப வந்து எங்கன்னு சொல்றது."

"கெழக்கையா, மேக்கையா? அதாவது சொல்லு."

"போய் வேலையப் பாரு. ஸ்டான்லி வந்துடுவாரு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பெற்றவளுக்குச் சொல்லக்கூடாது என்று ஏதாவது இருக்கும். இடம் தெரியாததால் எல்லா இடத்திலும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். துடைப்பத்தை அழுத்தாமல் இழுத்தாள். சிப்ஸ் கவர்களையும் பீர் பாட்டில் மூடிகளையும் கையாலேயே பொறுக்கினாள். வெறுங்காலோடு கொதிமணலில் நடப்பதைப் பார்த்துக் கூட வேலை செய்யும் ரெஜினா திட்டினாள். பழகிடிச்சு என்று சொல்லிச் சமாளித்தாள். நாளாக ஆக, கிழக்குப் பக்கம் அடப்பங்கொடி படர்ந்த ஒரு மேட்டில் அவள் மனசு நின்றுவிட்டது. அங்கே காற்று அவ்வளவாக அடிக்கவில்லை. தான் கொண்டுபோயிருந்தால் இங்கேதான் வைத்திருப்போம் என்று தோன்றியது. சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். முதல் கவளத்தைக் கொடியின் அடியில் வைப்பாள். அந்த நாட்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. வீட்டில்கூட இரண்டொரு வார்த்தை கூடுதலாகப் பேசினாள். சுதாகர்தான் சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போய்விடுவான்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஸ்வாதி என்ற பெண் புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். கூட ஒரு போட்டோகிராபரும் பலூன்களும். குழந்தைக்கு ஆறு மாசம் முடிந்ததற்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். உடை மாற்றக் கூடாரத்துக்குப் போகுமுன் அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொர்ணத்திடம் வந்தாள். "அக்கா, அஞ்சு நிமிஷம் வெச்சிருக்கீங்களா? அவர் தூக்கினா அழுவுறான்."

சொர்ணம் கைகளைக் கோட்டில் துடைத்துத் துடைத்து நீட்டினாள். குழந்தை அழவில்லை. அவள் கோட்டின் பித்தானைப் பிடித்துக்கொண்டது. வெயில் படாமல் தலையில் முந்தானையைப் போட்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். கொடியில் ஊதாப் பூக்கள் விரிந்திருந்தன. குழந்தையை அவற்றுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள்.

"இங்க ஒரு அண்ணன் கீறான் பாரு. தூங்கிகினு கீறான். அண்ணனுக்கு டாட்டா சொல்லு."

பின்னால் மணல் நெரிந்தது. அடுத்த சவாரிக்கு ஆள் கூப்பிட வந்த சுதாகர் நின்றுகொண்டிருந்தான். ஆளைக் கூப்பிடாமலே திரும்பிப் போனான்.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவள் படகுத்துறைக்கு வந்தபோது போட்டில் ஒருவரையும் ஏற்றாமல் காத்திருந்தான்.

"ஏறு."

"ஆளுங்க நிக்கிறாங்களே."

"நிக்கட்டும். ஏறு சொர்ணா."

திட்டின் கிழக்கு ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்து போட் போயிற்று. குடைகளும் பலூன்களும் பின்னால் சிறுத்தன. அலை முறியும் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் இன்ஜினை அணைத்தான். சுற்றிலும் தண்ணீர். கழி வற்றும் நேரம் என்பதால் அடி மணல் வரி வரியாகத் தெரிந்தது.

"இதான்," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

"திட்டு இதுவரைக்கும் இருந்துச்சு. புயலடிச்சி மொகத்துவாரம் ஒடச்சிகிச்சு இல்ல, அவன் போன மறுவருசம்? கெழக்கப் பாதி போயிடுச்சு, நம்ம கரையிலேர்ந்து பாத்தா தெரியாது. இங்கதான் ஒரு சவுக்கங்கன்னு நட்டு வெச்சிருந்தேன், அடையாளத்துக்கு. அதுவும் போச்சு. புயல் நின்னதும் வலை தேடப் போறேன்னு போனேனே. வலை வூட்டுலதான் இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் இந்தத் தண்ணியிலயே துழாவிகினு இருந்தேன். ஒண்ணும் கெடைக்கல."

சொர்ணம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்து போட்டின் நிழலில் ஒதுங்கின.

"அப்பவே ஏன்யா சொல்லல?"

"காலையில எழுந்து திட்டப் பாத்து கும்புடுவ. அப்புறம்தான் உனுக்கு அன்னிக்குப் பொழுதே ஓடும். நான் எப்பிடிச் சொல்றது."

"அவன் அங்க இல்லன்னு தெரிஞ்சிகினே, நான் கும்புடறத இத்தினி வருசம் பாத்துகினு இருந்திருக்க."

அவன் கைலியின் ஓரத்தை எடுத்து மூக்கைத் துடைத்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிள்ளையைக் கையில் ஏந்திப் போனவன், மறுவருஷம் வெறுங்கையோடு இந்தத் தண்ணீரில் நின்றவன். அந்தச் சாயங்காலம் ஈரத்தோடு வந்தவனுக்குச் சோறு போட்டிருப்பாள். ஒரு வலைக்காக இப்படி இடிந்துபோய் உட்காருவானா என்று ஏதாவது சொல்லியும் இருப்பாள். இப்போது நினைவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது.

துறையிலிருந்து ஸ்டான்லி விசில் ஊதினார். நிறுத்தி மறுபடியும் ஊதினார். சுதாகர் இன்ஜின் கயிற்றில் கை வைத்தான்.

"இரு," என்று சொல்லிவிட்டு சொர்ணம் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்காலுக்கு மேல்தான் இருந்தது. பச்சைக் கோட்டு அவளைச் சுற்றி உப்பி மிதந்தது. அவனும் இறங்கி, போட் இழுபட்டுப் போகாமல் தோளைக் கொடுத்து நின்றான். வற்றுத் தண்ணீர் கழியிலிருந்து கடலுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பாதத்தின் கீழ் மணல் அரித்து அரித்துக் குழிந்தது. கால் அமிழ அமிழ, எடுத்து மாற்றி வைத்து, அதே இடத்தில் நிற்கப் பார்த்தாள்.